அவள் எப்போது உட்காருவாள்?

சென்ற மாதம் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். என் வயதுக்காரர்கள் பள்ளி நாட்களில் சோறு தண்ணீர் இல்லாமல் படித்த ஒரு சிறுவர் கதைத் தொடரை மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். நரைத்த தலைகள் ஒவ்வொன்றாக எழுந்து, "எங்கள் குழந்தைப் பருவத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்" என்றன. என் குழந்தைப் பருவத்தை யாராவது திருப்பிக் கொடுக்க வந்தால் வாசலிலேயே நிறுத்தி, ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இதை நான் மேடையில் சொல்லவில்லை. கொடுத்த சமோசாவைத் தின்றேன். எல்லோருக்கும் ஒரு தாள் தந்தார்கள்: "இந்தத் தொடரில் எதையெல்லாம் எழுதியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?" பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். எனக்குப் போதவில்லை.

தொடரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு அண்ணன்கள், ஒரு தங்கை, ஒரு கீரிப்பிள்ளை. அப்பா காட்டிலாகா அதிகாரி. மாதம் ஒரு புத்தகம் வரும். மாதாமாதம் அவர்களுக்குக் கோடை விடுமுறை. குகைக்குப் போவார்கள், கள்ளக்கடத்தல்காரர்களைப் பிடிப்பார்கள், கலெக்டர் கை குலுக்குவார். தங்கைக்கு இரண்டே வேலைகள். டார்ச் பிடிப்பது ஒன்று, கடத்தல்காரர்களிடம் மாட்டிக்கொண்டு தூணில் கட்டப்படுவது இன்னொன்று. அண்ணன்கள் வந்து அவிழ்ப்பார்கள். மூன்று நாள் தூணில் கட்டுண்டு கிடந்தவள் அவிழ்த்ததும் என்ன கேட்பாள்? நானாக இருந்தால் முதலில் ஒதுக்குப்புறமாக ஓர் இடம் கேட்பேன். அவள் "கீரி நலமா?" என்று கேட்பாள்.

அவர்கள் வீட்டில் ரேஷன் வரிசை கிடையாது. அப்பாவுக்கு வேலை போகாது. யாரும் பெயில் ஆவதில்லை. யார் மேலும் நாற்றம் வீசுவதில்லை. இந்தக் கடைசி விஷயத்தில் எனக்குத் தனிப்பட்ட அக்கறை உண்டு. நாங்கள் பம்மலில் இருந்தோம். அப்பா தோல் பதனிடும் கம்பெனியில் மேஸ்திரி. அந்தக் காலத்துப் பம்மலில் குளித்துவிட்டுத் தெருவில் இறங்கினால் போதும், சுண்ணாம்பும் ஊறின தோலும் கலந்த வாசனை வந்து தோளில் கை போட்டுக்கொள்ளும். பல்லாவரம் வரை பஸ், அங்கிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில், அப்புறம் பெண்கள் பள்ளி வரை நடை. அந்த வாசனை மொத்த தூரமும் டிக்கெட் இல்லாமல் என்னோடு வரும். நான் வகுப்பில் நுழைந்ததும் முதல் பெஞ்சில் ஒருத்தி சொல்வாள்: "ஜன்னலைத் தொறங்கடி, பம்மல் வந்துடுச்சு." அப்படியும் எனக்கு அந்தப் பள்ளி பிடித்திருந்தது. வீட்டைவிட எந்த இடமும் பிடிக்கும் என்ற வயது.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். என்னால் மன்னிக்க முடியாதது, அந்தத் தங்கைக்கு வருஷக்கணக்காகப் பன்னிரண்டு வயதே ஆகிக்கொண்டிருந்ததுதான். அதே கவுன், அதே ரிப்பன். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சலுகை கிடையாது. பன்னிரண்டு, பதின்மூன்றில் ஒரு நாள் உட்கார்ந்துவிடுவாள். பெரியவளாவதற்கு எங்கள் பக்கம் அதுதான் பேச்சு: "உக்காந்துட்டா." தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுவார். அதில் பதினாறு நாள். வெளியே வரும்போது பாவாடை சட்டை போய் தாவணி வந்திருக்கும், புத்தகப் பை எடைக்குப் போயிருக்கும். என் அக்கா எட்டாவது பாதியில் உட்கார்ந்தாள். நான்கு வருஷமாக வீட்டில்தான் இருந்தாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அதைச் சொன்னால் எல்லோருக்கும் சிரிப்பு வரும், ஏனென்றால் கெட்டிக்காரி இப்போது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கோ மாப்பிள்ளையே தயாராக இருந்தார். அனகாபுத்தூரிலிருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தன் மகனுக்கு என்னைக் கேட்டு வைத்திருந்தாள். அக்காவைக் கேட்காமல் என்னைக் கேட்டதற்குக் காரணம், நான் அக்காவைவிட ஒரு மாற்று வெளுப்பு. மாப்பிள்ளை தறியில் உட்கார்ந்திருந்தார். நான் உட்காருவதற்காகக் காத்திருந்தார்.

நானும் எட்டாவதில், ஆனி மாதத்தில், உட்கார்ந்தேன். வீட்டில் சொல்லவில்லை. வருஷப் பரீட்சை எழுதி ஒன்பதாவது போக வேண்டும். அந்த வயதில் எனக்கிருந்த ஒரே லட்சியம் அது. கிணற்றடியில் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் அக்கா நின்றாள்.

"வெந்நீர் ஊத்தி கசக்கினா கறை போவாது. தள்ளு" என்றாள்.

துணியைப் பிடுங்கி, பச்சைத் தண்ணீரில் தோய்த்து, அவளுடைய துணிகளுக்கு நடுவே உலர்த்தினாள்.

"அம்மாகிட்ட சொல்ல மாட்டியே?"

"நான் ஏன் சொல்றன்? எனக்கு இப்படி ஒருத்தி சொல்லாத இருந்திருந்தா இந்நேரம் நான் பதினொண்ணாவது தாண்டியிருப்பேன்."

பாசமாகச் சொன்னாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கரண்டியால் தட்டுகிற மாதிரி சொன்னாள். ஆனால் மாதாமாதம் துணி அவள் கைக்குப் போய், அவள் கொடியில் உலர்ந்து, என் பைக்குத் திரும்பி வந்தது.

இப்படி நாலைந்து மாதம் ஓடியது. பயம் மட்டும் ஓடவில்லை. அக்காவுக்குச் சளி பிடித்துப் படுத்தால் நான் மாட்டினேன். யாரைக் கேட்பது? டீச்சரைக் கேட்க முடியாது. அப்போதுதான் அந்தத் தங்கை ஞாபகம் வந்தது. வருஷக்கணக்காக அண்ணன்களோடு குகைகுகையாகத் திரிகிறாள், யாருக்கும் தெரியவில்லை. நிச்சயம் ஏதோ வழி வைத்திருக்கிறாள். கதாசிரியருக்குத் தெரியாமல் இருக்குமா? புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வாசகர் கேள்விகளுக்கு அவரே 'அண்ணா' என்று கையெழுத்திட்டுப் பதில் சொல்வார். ஒரு கார்டு வாங்கி, மூன்று கேள்விகள் எழுதினேன்.

"ஒன்று: தங்கை எப்போது உட்காருவாள்? இரண்டு: உட்கார்ந்த பிறகும் அவளை அண்ணன்களோடு வெளியே அனுப்புவார்களா? மூன்று: உட்கார்ந்ததை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் தப்பா?"

கீழே பெயர், அப்பா பெயர், வகுப்பு, தெரு, பம்மல். முழு முகவரி எழுதாத கடிதத்துக்குப் பதில் கிடையாது என்று போட்டிருந்தார்கள். நான் விதிமுறைகளை மதிக்கிறவள்.

பம்மல் பஸ் நிறுத்தத்தருகே ஒரு கடை. பாதி வாடகை சைக்கிள், பாதி வாடகைப் புத்தகம். கடைக்காரர் ஒரு கையால் செயினுக்கு எண்ணெய் விட்டு மறு கையால் புத்தகம் எடுத்துத் தருவதால் பம்மல் வாசகர்கள் படித்த எல்லாக் கதைகளிலும் கிரீஸ் கைரேகை இருக்கும். தை மாதப் புத்தகத்தில் என் பெயரைப் பார்த்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம் ஆகாதவர், அக்கா தங்கை இல்லாதவர். கடைசிப் பக்கத்தைத் திறந்து, துணி கிளிப் போட்டு, கடை வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற உயரத்தில் மாட்டிவிட்டார். ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவைக் கூப்பிட்டு, "அண்ணே, உன் பொண்ணு பேரு புக்ல வந்துகீது. பம்மலுக்கே பெருமை" என்று இன்னொரு பிரதியையும் கையில் கொடுத்திருக்கிறார்.

அப்பா அன்று வீட்டுக்குள் நுழைந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். அம்மாவையும் அக்காவையும் கூப்பிட்டு, பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் கேட்கட்டும் என்று வாசல்பக்கம் திரும்பி நின்று, கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"தங்கை எப்போது உட்காருவாள்?"

அம்மா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"உட்கார்ந்த பிறகும் அவளை அண்ணன்களோடு..." அப்பாவின் குரல் இறங்க ஆரம்பித்தது. ஆனால் வாய் வேகத்தில் மூன்றாவதையும் படித்துவிட்டார். படித்த பிறகுதான் தன் காதில் விழுந்தது.

பதில் அதன் கீழே இருந்தது. அதை யாரும் வாசிக்கவில்லை. பிற்பாடு நானே படித்துக்கொண்டேன். "பம்மல் தங்கையின் கேள்வி சுவையானது. இரண்டாம் அத்தியாயத்தில் அவள் பாறைமேல் உட்கார்ந்தாளே, கவனிக்கவில்லையா? உட்கார்ந்ததைச் சொல்லாமல் இருப்பதில் தவறேதுமில்லை. ஆனால் ஈரப் பாறையில் உட்கார்ந்தால் சளி பிடிக்கும். அன்புடன், அண்ணா."

அந்த மனிதருக்கு உண்மையிலேயே புரியவில்லையா, புரிந்தும் பாறை பக்கம் ஓடிவிட்டாரா என்று நிறைய யோசித்திருக்கிறேன். இரண்டில் எதுவானாலும் மரியாதை கூடவில்லை. பெண்ணை நூறு பக்கம் தூணில் கட்டிப் போடத் தெரிந்தவருக்கு இந்த ஒரு சொல் தெரியாதாம்.

பம்மலுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்றே, "இன்னா யக்கா, எப்போ விசேஷம்? நம்ளுக்கெல்லாம் சொல்லவேயில்ல" என்றாள். அம்மா என் பக்கம் திரும்பினாள். அடித்தாள் என்று எழுதினால் குறைவாகச் சொன்னதாகும். அடிக்கு நடுவே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எத்தினி மாசம்?" எத்தனை மாதம் என்று சொன்னதும் அடி நின்றது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாளே மாமா ஓலையோடு வந்தார். ஆறு மாதப் பழைய சமாச்சாரத்துக்கு அன்று விழுந்த பச்சை ஓலை. நேற்று வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் உட்கார்ந்தேன் என்று ஊருக்குச் சொல்வதாக வீட்டில் முடிவாயிற்று. ஊர் புத்தகம் படித்திருந்தது. வந்த பெண்கள் எல்லோரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் அத்தை வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். குடிசைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் அப்பா எதிரே போய் நின்றாள். நான் ஓலை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆடி மாசம் கூழு ஊத்தினப்போ யார்டா கோயிலுக்கு தண்ணி எடுத்தாந்தது? இவதான? அந்தக் கூழ நானும் குடிச்சிகீறேன். எம் புள்ளயும் குடிச்சிகீறான்."

"தெரியாத பண்ணிட்டா, விடுக்கா."

"தெரியாதயா? ஆறு மாசம் தெரியாத பண்ணாளா? பெத்தவகிட்டயே வாயத் தொறக்காதவ, நாளைக்கு எம் புள்ளகிட்ட இன்னா இன்னா மறைப்பாளோ. வோணாம்டா சாமி. இந்த சம்மந்தம் வோணாம்."

நான் குடிசைக்குள் மூச்சை விட்டேன். அவள் முடிக்கவில்லை.

"பெரியவள குடு. கறுப்பா இருந்தாலும் பரவால்ல. அவளுக்கு மறைக்கத் தெரியாது. எல்லாம் மூஞ்சிலயே எயுதிகீது."

அக்கா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆறு மாதமாக எதுவும் எழுதியிராத முகம் அது. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவள் ஓலை இடுக்கைப் பார்த்தாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும்.

நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: "துணி தோச்சதே அவதான்." அத்தை முந்தானையை உதறிக்கொண்டு அனகாபுத்தூருக்கு நடையைக் கட்டியிருப்பாள். எனக்கும் நஷ்டமில்லை, என்னைத்தான் ஏற்கனவே வேண்டாம் என்றாகிவிட்டதே. இந்தத் தெளிவெல்லாம் இப்போது, நாற்காலியில் உட்கார்ந்து எழுதும்போது வருகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது, அத்தை சீக்கிரம் கிளம்பட்டும், அப்பா வேறெதுவும் கண்டுபிடிக்காமல் இருக்கட்டும் என்பது மட்டும்தான். வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதப் பழக்கம்.

அக்கா பார்வையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அத்தைக்குக் காபி வந்தது.

அத்தை போனதும் அப்பாவும் அம்மாவும் என் விவகாரத்தை எடுத்தார்கள். "இனிமே இவள யாரு கேப்பான்? பம்மலே படிச்சிடுச்சி" என்றாள் அம்மா. அப்பா, "வூட்ல குந்த வெச்சிகினு மட்டும் இன்னா பண்ணப் போறோம்? படிச்சாவது தொலையட்டும்" என்றார். பெண் கல்வியை ஆதரித்து எங்கள் வீட்டில் எழுந்த முதல் குரல் அது. அந்த ஆதரவில்தான் நான் பி.ஏ. வரை தொலைந்தேன்.

மாசியில் அக்காவுக்கு நிச்சயம் செய்தார்கள். அதற்குள் எனக்குப் பதினாறு நாள் முடிந்திருந்தது. பள்ளிக்கு மறுபடி கிளம்பிய காலையில் தாவணி கட்டத் தெரியாமல் நான் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள். நான்கு வருஷமாகத் தாவணி கட்டும் கை. ஒரே இழுப்பில் மடித்து, தோளில் பின் குத்தினாள். கொஞ்சம் சதையும் சேர்ந்து குத்தியது. நான் கத்தவில்லை. வாய் திறந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அக்கா" என்றேன்.

"ஒயுங்கா படி" என்றாள். "பெயில் ஆனேன்னு வை, அத்தைக்கு இன்னொரு புள்ள கீறான்."