பூசத்தன்று பாடகியம்மா தின்ற தயிர்சாதம்

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். பாடகியம்மா இருந்தார். அவருக்குத் தம்பூரா போடும் தங்கை இருந்தார். எங்களைக் கூட்டிக்கொண்டு போன கோயில் கமிட்டி மணி சார். என் மனைவி செண்பகம். நான். முருகனும் இருந்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். அப்போது டெல்லி கரோல் பாக்கில் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். அரசாங்க ஆபீசில் பியூன் வேலை எனக்கு. ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை.

அதற்கு முந்தைய கார்த்திகையில் செண்பகத்தின் அம்மா திருநெல்வேலியில் இறந்துபோனார். தகவல் வந்ததும் ரயில் ஏறினோம். டெல்லியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், ரயில் நமக்காக வேகமாகப் போகாது. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, கழுவிவிட்ட வாசல் காய்ந்திருந்தது.

அவள் அழவில்லை. திரும்பி வந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. வாயில் வைத்தால் வெளியே வந்துவிடும். கஞ்சித் தண்ணீரும் டீயும்தான். டாக்டர் பார்த்துவிட்டு, "நோய் ஒன்றும் இல்லை, பாய் சாப்" என்றார். வளையல் முழங்கை வரை ஏறியது. பாயில் படுத்துக்கொண்டு பாடகியம்மாவின் முருகன் பாட்டு கேசட்டையே போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். நாடா இழுபட்டுப் பாட்டு மெதுவாக, தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல் வரும். அறைக்குள் பனி. ஜன்னலுக்கு வெளியேயும் பனி. பல நாள் எனக்கு அவள் இருக்கிறாளா, பாட்டு மட்டும் இருக்கிறதா என்று தெரியாது. தொட்டுப் பார்ப்பேன்.

கோயிலுக்குப் போய் நின்றேன். வேண்டத் தெரியாது. "ஒரு வாய் சோறு அவளுக்குள்ளே போகணும், முருகா" என்றேன். அவ்வளவுதான்.

பூசத்துக்கு அந்தப் பாடகியம்மாவே கோயிலில் பாட வருகிறார் என்று மணி சார் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். செண்பகம் கண்ணைத் திறந்தாள்.

"எங்கே தங்குதாங்க?"

"சாணக்யபுரியில. கெஸ்ட் ஹவுஸ்ல."

"வெறுங்கையோடயா போய்ப் பாக்கது?"

பூசத்தன்று விடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். குழைய வடித்து, பால் விட்டுப் பிசைந்து, தயிர் ஊற்றி, இஞ்சி, பச்சை மிளகாய், கடுகு தாளித்தாள். ஊரில் இருந்து வருகிறவர்களுக்கு டெல்லியில் நல்ல தயிர்சாதம் கிடைக்காது. எங்களுக்குத் தெரிந்தது அதுதான். பாடுகிறவர்கள் கச்சேரி நாளில், அதுவும் குளிரில், தயிரைத் தொடமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியாது.

பஸ்ஸில் தூக்குவாளியை மடியில் வைத்திருந்தாள். வெளியே மரமும் இல்லை, ரோடும் இல்லை. வெள்ளையாக இருந்தது.

கெஸ்ட் ஹவுஸில் தங்கையம்மா மூடியைத் திறந்தார். "அக்கா, தயிர்சாதம்."

மணி சார் என்னைப் பார்த்தார். "என்னய்யா இது, சாயந்திரம் கச்சேரி. ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் கொண்டாந்திருந்தாலாவது புண்ணியம்."

செண்பகம் மூடியை எடுத்து வாளியை மூடப் போனாள். வளையல் மணிக்கட்டில் தொளதொளவென்று ஆடியது. பாடகியம்மா அந்தக் கையைப் பார்த்தார்.

"நீ சாப்பிட்டியாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். "அவ அம்மா தவறிட்டாங்கம்மா. முகம் பார்க்கக் கிடைக்கல. அதுல இருந்து சாப்பாடு இறங்கல."

பாடகியம்மா கையைக் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். "வா, பக்கத்துல உட்காரு. எனக்கு ஒரு கவளம், உனக்கு ஒரு கவளம்."

"அக்கா, தொண்டை," என்றார் தங்கை.

"தொண்டை அவன் குடுத்தது. அவன் பார்த்துக்குவான். மேல் ஸ்தாயி எட்டலைன்னா நீ பாடிடு."

"நான் பாடினா கோயில்ல மயில் கூட நிக்காது."

முதல் கவளத்தை அவர் சாப்பிட்டார். இரண்டாவதை உருட்டி செண்பகத்தின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வெளியே பனி விலகி, வெயில் தரையில் வந்து படுத்தது. பாடகியம்மா மெல்லிய குரலில் எதையோ முனகிக்கொண்டிருந்தார்.

அவள் வாயில் வைத்தாள். விழுங்கினாள். வெளியே வரவில்லை. பிறகுதான் அழுதாள், அம்மா அம்மா என்று. பாடகியம்மா முதுகைத் தடவிக்கொண்டே அடுத்த கவளத்தை உருட்டினார். வாளி காலியாகும்வரை அப்படியே.

மாலையில் மூன்றாவது பாட்டில் அவர் குரல் கரகரத்தது. வெந்நீர் குடித்தார். தங்கையைப் பார்த்துச் சிரித்தார். சுருதியைக் கீழே இறக்கிப் பாடினார். கேட்டவர்கள் உருகினார்கள். ஏன் இறக்கினார் என்பது எங்களுக்குத் தெரியும்.

செண்பகம் மெல்ல மெல்லத் தேறினாள். பாடகியம்மாவை அதன் பிறகு நேரில் பார்க்கவில்லை. இப்போது டெல்லியிலேயே துவாரகாவில் இருக்கிறோம். ஊரில் சாவுக்குப் போய் முகம் பார்க்கக் கிடைக்காமல் திரும்பி வருகிறவர்கள் இங்கே எப்போதும் யாராவது உண்டு. கேள்விப்பட்டால் இருவரும் சோறு கொண்டு போவோம். ஆறுதல் சொல்ல எங்களுக்கு வராது. கூட உட்கார்ந்து சாப்பிடுவோம்.

உங்களுக்கும் கஷ்டம் இருக்கும். முருகனிடம் கேளுங்கள். பெரிதாகக் கேட்கத் தெரியாவிட்டால் சின்னதாகக் கேளுங்கள். யார் கையிலாவது கொடுத்து அனுப்புவான்.

செண்பகம் நன்றாக இருக்கிறாள். இன்று காலை சாப்பிட்டது நான்கு இட்லி.