உமாதேவியின் கறுப்புக் காய்கள்

எங்கள் செஸ் கிளப்பில் உமாதேவி எப்போதும் பாதிக் கனவில் இருப்பவர். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடினால் காய்கள் தாமாகவே நகரத் தொடங்கிவிடும் என்பார். இறங்க வேண்டிய ஸ்டாப்பைப் பலமுறை கோட்டைவிட்டிருக்கிறார்.

கணவர் காளியப்பனும் எங்கள் கிளப்தான். கொள்ளேகாலத்துக்காரர், நல்ல மனிதர். மனைவியிடம் தோற்க மட்டும் மனசு வராது. வீட்டில் வெள்ளைக் காய் எப்போதும் அவருக்கு. ஆட்டம் கைநழுவுகிற நேரம் பார்த்து, "உமா, அடுப்புல என்னமோ தீயுது பாரு" என்பார். உமாதேவி போய்ப் பார்த்து வருவதற்குள் பலகையை மடித்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரு ஆட்டத்தைக்கூட முடித்ததில்லை.

அந்த ஆட்டங்களெல்லாம் விட்ட இடத்திலேயே தனக்குள் நின்றுகொண்டிருப்பதாக உமாதேவி ஒருநாள் என்னிடம் சொன்னார். அவரோடு ஒன்றையாவது முடித்துப் பார்த்துவிட்டால் போதும் என்றார். எனக்குக் காளியப்பன்மேல் ஆத்திரமாக வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கிளப் போட்டியில் இருவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. அங்கேயும் காளியப்பனுக்கு வெள்ளைதான். வெளியே மழை சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. தூக்கத்தில் கோலம் போடுகிறவர்போல உமாதேவி கறுப்புக் காய்களை மெல்ல மெல்ல வைத்தார். காளியப்பனுக்கு வழக்கமான அவசரம். அவருடைய ராணி ஓடிவந்து ஓரத்துச் சிப்பாயைத் தின்றது. உமாதேவி குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். ராணி திரும்பிப் போகும் வழி அடைபட்டது.

காளியப்பன் பலகையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஆட்டத்தில் பேசக் கூடாது என்று தெரிந்தும் மெல்லக் கேட்டார்: "உமா, கேஸ மூடிட்டு வந்தியா?"

உமாதேவி பாதி எழுந்தேவிட்டார். பழக்கதோஷம். பக்கத்து மேசையிலிருந்த நான் என் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன். நாற்காலியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"மூடிட்டுத்தானுங்க வந்தேன். நீங்க ஆடுங்க."

ராணி போனது. பின்னாலேயே ஒரு யானையும் போனது. காளியப்பன் தன் ராஜாவைப் படுக்கவைத்தார்.

தோற்றவர் கைகொடுப்பது கிளப்பின் வழக்கம். பலகைக்கு மேலே அவர் கை தயங்கித் தயங்கி நீண்டது.

"நல்லா ஆடுன, உமா."

உமாதேவி அந்தக் கையைப் பிடித்தவர் விட மறந்துபோனார். தாலி கட்டி இத்தனை வருஷத்தில் அவர்கள் கைகுலுக்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.