பட்டாளத்து மேசை முன்னால் வரதன் கொடுத்த வாய்

என் மகனை ஏமாற்றப் பார்த்தவனின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் ஊர்ப் பெருமாள் வரதனின் அடியார்கள் படிக்கும் பத்திரிகையில் அந்தப் பெயர் வேண்டாம். பட்டாளத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகன் என்று மட்டும் சொல்கிறேன். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அவன் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

சீனச் சண்டை முடிந்த சூட்டோடு வந்த தை மாதம் அது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் பட்டுச் சேலை நெய்கிறவர். நான் ராட்டையில் இழை சுற்றிக் கொடுப்பேன். எட்டாவது வரை படித்தவள்தான். ஆனாலும் வெளி ஆட்களோடு பேச வராது. கடைக்காரர் துவரம்பருப்புக்குப் பதிலாகக் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கி வந்துவிடுவேன்.

மூத்தவன் சம்பத்து பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஒரு நாள் பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்றான். தரகன் எங்கள் தெருவிலேயே நாலைந்து பையன்களைப் பிடித்து வைத்திருந்தான். போன உடனே மோட்டார் ஓட்டும் வேலை, பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தான்.

வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து அவனை அடித்தார். "நீ பூட்டா கோர்வைக்கு எவன்டா ஒக்காருவான்?" என்றார். கோர்வைச் சேலைக்குக் கரைப்பக்கம் உட்கார்ந்து ஊடு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் சம்பத்துதான்.

"நாடா தள்றதுக்கா என்னப் பெத்தீங்க?" என்று கேட்டான் அவன்.

நான் வேறு வழியில் மடக்கப் பார்த்தேன். "பட்டாளத்துல சேர பதினேழு ஆவணும், உனக்கு இன்னும் ஆவலியேடா" என்றேன்.

"ஆயிடுச்சிமா. சர்ட்டிபிகேட்ல இருக்குது பாரு."

அந்தப் பதினேழை உண்டாக்கியவளே நான்தான். கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு இழையும் சுற்ற முடியாமல், ஐந்து வயதுப் பையனை ஆறு முடிந்தவன் என்று சொல்லிப் பள்ளியில் விட்டேன். வாத்தியார் அவன் கையைத் தலைக்கு மேலாக வளைத்துப் பார்த்தார். காதுக்கு எட்டவில்லை. "வளர்த்தி கம்மி சார்" என்றேன். வெளி ஆளிடம் நான் துணிந்து பேசியது அந்த ஒரு தடவைதான். அதுவும் பொய்.

அவனிடம் உண்மையைச் சொன்னேன். "பொய்யாவே இருக்கட்டும். வெளியில சொன்னா நான் உங்கூடப் பேசவே மாட்டேன்" என்றான்.

அன்று முதல் வரதனிடம் ஒரே வேண்டுதல்தான். டாக்டர் பரிசோதனையில் அவனைத் தள்ளிவிடு. கண்ணில் குறை என்று சொல்லட்டும், மார்பளவு போதாது என்று சொல்லட்டும். நான் வாய் திறக்காமல் காரியம் நடக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்குக் குறை வேண்டும் என்று கேட்ட தாய் நான். பக்கத்து வீட்டுப் பெண்கள், "எல்லாம் பெருமாள் விட்ட வழி" என்றார்கள். அவர்கள் பிள்ளைகள் யாரும் போகவில்லை. சொல்வது சுலபம்.

அந்த வாரம் பெருமாள் புறப்பாடு எங்கள் தெரு வழியாக வந்தது. கற்பூரத் தட்டோடு எல்லோரும் வாசலில் நின்றார்கள். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மேளச் சத்தம் வாசலைத் தாண்டிப் போகும் வரை உள்ளேயே நின்று, அவரை என்னவெல்லாமோ திட்டினேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டு நாள் கழித்து ஊரில் ஆள் எடுத்தார்கள். சம்பத்து விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டான். நான் பின்னாலேயே நடந்தேன். வழியில் கோபுரம் தெரிந்ததும் நின்றேன். கையைக்கூடக் கூப்பவில்லை. "அவனைத் தடுன்னு இனிமே உன்னைக் கேக்க மாட்டேன். அவன் கண்ணைத் திற. எனக்கு வாயைக் குடு. இன்னிக்கி ஒரு நாளைக்குக் குடு" என்றேன். பிரார்த்தனை என்று அதைச் சொல்ல முடியாது. சண்டை.

மைதானத்தில் நூறு பையன்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் பெண். மேசைக்குப் பின்னால் ஒரு ஹவில்தார் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். சம்பத்தின் முறை வந்தது. தரகன் முந்திக்கொண்டு, "அம்மாவே கூட வந்துக்கீறாங்க சார். முழுச் சம்மதம்" என்றான்.

"நான் சொன்னனா?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். மைதானமே திரும்பிப் பார்த்தது.

"அவனுக்குப் பதினாறுதான் சார். சர்ட்டிபிகேட்ல இருக்கிறது நான் சொன்ன பொய். தப்புன்னு எழுதறதுன்னா என் பேர்ல எழுதிக்குங்க."

வரிசையில் ஒருவன், "ஆயாம்மா, பால் புட்டி எடுத்தாந்தியா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். சம்பத்து முகம் சிவந்து கண்ணீர் விட்டான். ஹவில்தார், "பையனைக் கூட்டிக்கிட்டுப் போங்கம்மா" என்றார்.

நான் போகவில்லை. திறந்த வாய் மூடவில்லை. "ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துடலாமா சார்?"

"யாரும்மா சொன்னது? வருஷக்கணக்கா இருக்கணும். நெனச்சா வர முடியாது."

"மோட்டார் வேலை குடுப்பீங்களா?"

"பட்டாளம் எங்க போடுதோ அங்கதான். படிப்பை முடிச்சிட்டு வந்தா மெக்கானிக் மாதிரி வேலைக்குக் கேக்கலாம். பாதியில உட்டுட்டு வந்தா அதுவும் இல்ல."

"காலு போனா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அதற்கும் பதில் சொன்னார். என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று எதையும் மறைக்காமல் சொன்னார். பால் புட்டி கேட்டவனே வரிசையை விட்டு முன்னால் வந்து, "ரெண்டு வருஷம்னு அவர்தானே சார் சொன்னாரு?" என்று தரகனைக் காட்டத் திரும்பினான். தரகன் அங்கே இல்லை. அன்று எங்கள் தெருப் பையன்களில் மூன்று பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒருவன் எல்லாம் கேட்டுக்கொண்டும் சேர்ந்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் தெரிந்து போனவன்.

சம்பத்து பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பதின்மூன்றாம் நாள், "அந்த மெக்கானிக் வேலைக்கு எத்தினி மார்க்கு வேணும்னு கேட்டியாமா?" என்றான். நான் கேட்கவில்லை. அவனே போய்க் கேட்டு வந்தான். பரீட்சை எழுதித் தேறினான். நான் சொன்ன பொய்யைப் பள்ளிப் பதிவில் திருத்த மாதக்கணக்கில் அலைந்தோம். ஒவ்வொரு மேசையிலும் என் வாயாலேயே சொன்னேன். கோர்வைக்கு வீட்டுக்காரரின் தம்பி மகன் வந்து உட்கார்ந்தான்.

உண்மையான பதினெட்டு முடிந்ததும் சம்பத்து சேர்ந்தான். ஆம், சேர்ந்தான். வரதன் அவனை என்னோடு வைத்துக்கொள்ள விடவில்லை. ஆனால் ஏமாந்து போகவும் விடவில்லை. ரயில் ஏறும்போது, "எல்லாத்தியும் கேட்டுட்டம்மா. எதுனா உட்டுப்போச்சா, சொல்லு" என்றான்.

"உயிரோட வருவியான்னு கேட்டியா?"

"அதுக்கு அந்த மேசையில பதில் இல்லம்மா."

அந்த ஒரு கேள்வியைத்தான் நான் வரதனிடம் வைத்திருக்கிறேன். அதன் பிறகு இரண்டு சண்டைகள் வந்துவிட்டன. என் மகன் இருக்கிறான். இப்போது தெருவில் எந்தப் பிள்ளை பட்டாளம் என்று சொன்னாலும் தாய்மார் என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன், பிள்ளையை முன்னால் விட்டுக் கேட்கச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வரலாம். மனிதர்களிடம் கேட்க வேண்டியதை வெட்கப்படாமல் மனிதர்களிடம் கேளுங்கள். மிச்சத்தை அவரிடம் கேளுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள். கதவைச் சாத்தியவள் சொல்கிறேன், அவருக்குக் கேட்கிறது.