அடி ஸ்கேலும் அப்பேலும்

எழுபதுகளின் கடைசியில், லாஸ்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு பெண்கள் விடுதியில் நான் எழுத்தராக இருந்தேன். வீட்டில் அடி தாங்க முடியாமல் போக்கிடமின்றி வரும் பெண்களுக்கான இடம். கட்டில் இருபத்துநான்கு, ஜன்னல் பதினொன்று, தாழ்ப்பாள் ஒன்பது; அதில் இரண்டு சரியாக விழாது. அந்த இரண்டை நினைத்தே எனக்குப் பாதித் தூக்கம் போய்விடும். ஒருத்தி குறைந்தாலும் கேள்வி என்னிடம்தானே வரும்?

ஆகவே தினமும் காலைக் கஞ்சிக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி எண்ணுவேன். ஆள் எண்ணுவதை, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு 'அப்பேல்' என்றுதான் சொல்லிப் பழக்கம். விடுதியை நடத்திய மதாமும் அப்படித்தான் சொல்வார். கையில் அடி ஸ்கேலோடு வரிசைக்குப் பின்னால் நடந்து, ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணுவேன். பின்னால் நின்றால் யாரும் இடம் மாற முடியாது என்பது என் நினைப்பு.

ஒரு வியாழக்கிழமை வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புதிதாக ஒருத்தி வந்தாள். புருஷனிடம் அடிபட்டு வந்தவள். மறுநாள் காலை வழக்கம்போல், "அப்பேல்! எல்லாரும் வரிசையில நில்லுங்க!" என்று ஸ்கேலோடு வந்தேன். அவள் கஞ்சியைத் தொடவில்லை. துணிமூட்டையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். வந்த வீட்டுக்கே திரும்பிப் போகிறாளாம்.

பதறிப்போய் வாசலை மறித்தேன்.

"முசியே, இந்தப் பக்கம் வாங்க. அவ போகணும்னா போகட்டும்" என்று மதாம் என்னிடம் சொன்னார். பிறகு படியில் உட்கார்ந்து, அவளிடம் மெதுவாக, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"அந்த ஆளாச்சும் சொல்லாம கொள்ளாம அடிப்பான். இவரு அப்புவேன்னு சொல்லிட்டு, வரிசையா வேற நிக்கச் சொல்றாரு. கையில ஸ்கேலு. இதுக்கு அதுவே தேவல."

அப்பேல். அப்புவேன். எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அதற்குள் பின்னாலிருந்த பெண்களில் ஒருத்தி, ஒரு மில் தொழிலாளியின் மனைவி, முந்திக்கொண்டாள்: "ஐய, இந்த சாரு அப்பிட்டாலும்! கொசு ஒக்காந்தாலே மூணு தபா எண்ணிட்டுதான் தட்டுவாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். புதியவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆனால் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

அது பிரெஞ்சு வார்த்தை, ஆள் எண்ணுவதுதான் என்று விளக்கினேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மதாம் விடவில்லை. "வார்த்தை சரி. அந்த ஸ்கேலு? முதுகுக்குப் பின்னால நடக்குறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு என்னைப் பார்க்காமல் மற்ற பெண்களைப் பார்த்தார்.

"பின்னால காலடி கேட்டா எனக்கும் நெஞ்சு அடிச்சிக்கும் சார்" என்றாள் மில் தொழிலாளி மனைவி. அவளுக்குப் பின் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஏழு பேர். இரண்டு வருடமாக அந்தப் பயத்தோடேதான் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

ஸ்கேலை மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். இனி நான் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, கஞ்சிக்கு வருகிறவள் தான் எத்தனையாவது ஆள் என்று தானே சொல்வது என்று அங்கேயே முடிவாயிற்று. "வரிசையும் வேணாமா?" என்று கேட்டாள் புதியவள். வேண்டாம் என்றோம். மூட்டையோடு உள்ளே போனாள்; அவிழ்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வேண்டுமென்றே இரண்டு பேர் பன்னிரண்டு என்றார்கள். ஒருத்தி நாற்பது என்றாள். எழுதியதை மூன்று தடவை அடித்துத் திருத்தினேன். கடைசியாக வந்தவள் புதியவள். என் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, "இருவது. ஒழுங்கா எழுதிக்குங்க சார், நான் போவல" என்றாள்.

கஞ்சி இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். அதையும் உட்கார்ந்தபடியே எண்ணினேன்.