எமதர்மராஜாவிடம் நான் கேட்ட தீர்ப்பு

போன ஐப்பசியில் என் கணவருக்கு வயிற்றுவலி தொடங்கியது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. கண்டியில் துணிக்கடை வேலைக்குத் தினமும் பஸ் ஏறிப் போன மனிதர், கெலிஓயாவில் எங்கள் வீட்டுக் கட்டிலோடு கிடந்தார். இரண்டு இடத்தில் மருந்து எடுத்தும் குணமில்லை. அவர் பிழைப்பார் என்ற நம்பிக்கையே எனக்குப் போய்விட்டது.

அவருடைய தங்கை புஷ்பத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். காணி விஷயத்தில் அண்ணனோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தவள், அவருக்கு நோய், வருத்தம் என்று கேள்விப்பட்டதும் திகனையிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வரத் தொடங்கினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பமாட்டாள். இந்தப் பாசம் திடீரென்று எங்கிருந்து வந்தது? அவள் போனதும் மிச்சச் சோற்றை முகர்ந்து பார்ப்பேன். அவள் கழுவி வைத்த கோப்பையை மறுபடி கழுவுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தெற்குப் பார்த்து விளக்கேற்றினேன். எமதர்மராஜாவின் பெயரை வீட்டில் சொல்லவே எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். நான் அவரையே கூப்பிட்டேன்.

"தர்மராஜா, இவருக்கு யாரு விஷம் வைக்கிறதுன்னு காட்டுங்க. இவரை விட்டுட்டு அந்த ஆளைக் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் என் கணவர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில நாளில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"இரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. அவர் சாப்பிடுறது, குடிக்கிறது எல்லாத்தையும் கொண்டு வாங்க. தூள், எண்ணெய் எதையும் விடாதீங்க."

வீட்டுக்கு வந்து புஷ்பத்தின் சாப்பாட்டுப் பாத்திரத்தைத்தான் முதலில் பையில் வைத்தேன். அப்புறம்தான் டாக்டர் தூள் என்று சொன்னது உறைத்தது. அவருடைய சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவு நோய்க்கு, வீடு வீடாக விற்க வந்தவரிடம் ஒரு தூள் வாங்கியிருந்தேன். கசப்பென்று குடிக்கமாட்டார் என்று, அவருக்குத் தெரியாமல் நானே தினமும் தேநீரில் கலந்து கொடுத்தேன். அதையும் எடுத்துப் போனேன்.

விஷம் அந்தத் தூளில்தான் இருந்தது.

நான் கேட்ட தீர்ப்புப்படி போயிருக்க வேண்டியவள் நான். தர்மராஜா ஆளைக் காட்டினார். ஆனால் என் கணவரையும் என்னையும் விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் புஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"எனக்கும் உங்க மேலதான் சந்தேகம், அண்ணி" என்றாள். "உங்க சாப்பாட்டுல என்னமோ இருக்குன்னு நெனச்சுத்தான் நான் சோறு கொண்டு வந்தேன்."

இப்போது அவர் குணமாகி வேலைக்குப் போகிறார். தினமும் விளக்கேற்றி நன்றி சொல்கிறேன். ஒருவர் மேல் சந்தேகம் வந்தால், முதலில் என் கையைத்தான் பார்க்கிறேன்.

நீங்களும் எமதர்மராஜாவுக்குப் பயந்து ஒதுங்காதீர்கள். நம்பிக் கூப்பிடுங்கள், நியாயம் காட்டுவார். யாரைக் கூட்டிப் போவது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.