தெரியாது என்று சொல்லிவிட்டேன்

1957ஆம் ஆண்டு, சித்திரை மாதம். நுவரெலியாவில் சீசன் களைகட்டியிருந்த நேரம். எனக்கு அப்போது இருபது வயது. கல்யாணமாகி நாலே மாதம்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டகலைக் கடைவீதியில். அப்பாவுக்கு அங்கே சின்னத் துணிக்கடை. ரயில் சத்தம், பஸ் சத்தம், வாசலில் எந்நேரமும் யாராவது நின்று பேசும் சத்தம், இதற்கெல்லாம் நடுவில் வளர்ந்தவள் நான். வாழ்க்கைப்பட்டு வந்ததோ லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. என் கணவர் அங்கே கணக்கப்பிள்ளை. மலைச்சரிவில் ஒற்றையாக ஒரு வீடு. விடியும் முன்னே அவர் பெரட்டுக்குப் போய் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் மறுபடி அந்தியில்தான் வருவார்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நான் போகக் கூடாது. கணக்கப்பிள்ளை சம்சாரம் அங்கே நின்று பேசினால் அவருக்கு மரியாதை இருக்காதாம். மேலே பெரிய கிளாக்கர் வீட்டுக்கோ அவர்கள் கூப்பிட்டால்தான் போகலாம். ஆக, நாலு மாதத்தில் அவரைத் தவிர யாரோடும் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பேசவில்லை என்றால் நம்புவீர்களா? மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கும். சில நாள் நான் அடுப்போடு பேசிக்கொண்டிருப்பேன்.

சீசனுக்குக் கூட்டிப்போவதாக என் கணவர் சொல்லியிருந்தார். போக வேண்டிய நாளில் தோட்டத்துத் துரை தேயிலை மலையைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெரிய கிளாக்கரின் மனைவி பிள்ளைகளோடு போகிறார் என்று கேள்விப்பட்டு, அவரோடு என்னையும் அனுப்பிவைத்தார்.

அந்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். பஸ்ஸில் வழி நெடுக எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். சீசன் நேரம் கொழும்பிலிருந்தெல்லாம் திருடர்கள் வந்து இறங்குவார்களாம். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள்ளே விட்டுக் குத்திக்கொள்ளச் சொல்லி ஓர் ஊக்கும் கொடுத்தார்.

"ஆரும் வந்து கதை குடுத்தால் கதையாதையும். சாப்பிட ஏதும் தந்தால் வாங்காதையும். சிரிச்சுக் கதைக்கிறவைதான் கூடக் கள்ளர்," என்றார்.

நுவரெலியாவில் இறங்கினால் ஒரே ஜனம். குதிரைப் பந்தயம் பார்க்க வந்தவர்கள், பூ பார்க்க வந்தவர்கள், தொப்பி போட்டவர்கள், குடை பிடித்தவர்கள். பூங்கா வாசலில் கிளாக்கர் அம்மா தன் சொந்தக்காரர்களைக் கண்டுவிட்டார். அவர்கள் வீட்டிலேயே இரவு தங்கப் போவதாகவும், மூன்று மணி பஸ்ஸில் ஏறி நான் வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் சொன்னார். என்னையும் வா என்று அவர்கள் கூப்பிடவில்லை. நானும் தலையாட்டிவிட்டேன்.

பூங்காவில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அத்தனை பூவுக்கும் நடுவில் அத்தனை கூட்டமும் எனக்கு எதிரே போய்க்கொண்டிருந்தது. இங்கே இருப்பதைவிட வீட்டில் அடுப்படியிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்துக் கொஞ்ச தூரத்தில் ஒரு மனிதர் கத்தினார். கோட்டுப் போட்ட நடுவயதுக்காரர். கோட்டுப் பையைத் தட்டுகிறார், கால்சட்டைப் பையைத் தட்டுகிறார், நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறார். யாரோ அவருடைய பர்ஸை அடித்துவிட்டார்கள். சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பக்கத்தில் வந்த எல்லாரும் என் கண்ணுக்குத் திருடர்களாகவே தெரிந்தார்கள்.

அப்போதுதான் அந்த அக்கா பெஞ்சின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர் என்று விரல்களின் கறையிலேயே தெரிந்தது. மடியில் ஒரு துணிப்பை.

"தங்கச்சி, எந்தத் தோட்டம்?" என்றார். நான் கைப்பையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், "சங்கிலி வெளிய தெரியுது பாருங்க. உள்ள விட்டுக்குங்க. இன்னைக்கு முடிச்சவிக்கிங்க ஜாஸ்தி," என்றார்.

பார்த்தால் ஊக்கு நழுவி, சங்கிலி சட்டைக்கு வெளியே வந்திருந்தது. அவசர அவசரமாக உள்ளே தள்ளி, எங்கே குத்துகிறேன் என்றுகூடப் பார்க்காமல் மறுபடி குத்திக்கொண்டேன்.

பிறகு எப்படிப் பேச்சு ஆரம்பித்தது என்று ஞாபகமில்லை. ஆரம்பித்தது நிற்கவில்லை. அவர் எங்களுக்கு அடுத்த தோட்டத்தில், பாலத்துக்குப் பக்கத்து லயத்தில் இருப்பவர். புருஷனுக்குப் பல வருஷமாக மூச்சிழுப்பு. மாதம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்து வாங்கிப் போவாராம். காகிதத்தைச் சுருட்டி அடைத்த ஒரு போத்தலைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். பிள்ளைகள் இல்லை. பையிலிருந்த தேங்காய் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, சம்பலோடு எனக்குப் பாதி தந்தார். வாங்கிச் சாப்பிட்டேன். என் கணவர் கணக்கப்பிள்ளை என்று தெரிந்த பிறகும் அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். அடுப்போடு பேசுவதைப் பற்றி நான் சொன்னபோது, "நான் கொழுந்துக் கூடையோட பேசுவேன், அது பதில் சொல்லாம கேட்டுக்கும்," என்றார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மூன்று மணி பஸ்ஸில் ஏறும்போது மழை பிடித்துவிட்டது. முட்டி மோதி ஏறினார்கள். அந்த அக்கா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டார். நனையாமல் இருக்க என் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியும் விட்டார். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அவர் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நானுஓயாவைத் தாண்டியிருக்கும். பழக்கதோஷத்தில் கழுத்துக்குக் கை போனது. சங்கிலி இல்லை.

சட்டைக்குள் தேடினேன். ஊக்கு இருந்தது. சங்கிலியும் தாலியும் இல்லை. நான் போட்ட கூச்சலில் பஸ் நின்றுவிட்டது. எல்லாரும் எழுந்தார்கள். பக்கத்தில் யார் நின்றது, யார் தொட்டது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் யாரையும் கை நீட்டிக் காட்டவில்லை. அதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் என் கண் அந்த அக்காவிடம் போனது. அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. இந்தப் பொம்பளைதான் ஏறும்போது கழுத்தில் கை வைத்தாள், நான் பார்த்தேன் என்று பின்னாலிருந்து ஓர் ஆள் சொன்னார்.

கண்டக்டர் என்னைப் பார்த்து, "இவங்கள உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

சிரித்துப் பேசுகிறவர்கள்தான் திருடர்கள் என்று காலையில் கேட்டது என் காதில் ஒலித்தது. சங்கிலியைப் பற்றி முதலில் பேசியதே இவர்தானே என்றும் தோன்றியது. கூடவே இன்னொன்றும் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன். கணக்கப்பிள்ளை சம்சாரம் லயத்துப் பெண்ணோடு உட்கார்ந்து ரொட்டி தின்றாள் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுமே என்ற கூச்சம்.

"தெரியாது," என்றேன்.

அந்த அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "பாத்துக்குங்க," என்று பையைத் தானே நீட்டினார். யாரோ அதை வெடுக்கென்று பிடுங்கினார்கள். துண்டு விழுந்தது, ஆஸ்பத்திரிச் சீட்டு விழுந்தது, போத்தல் விழுந்து உடைந்தது. பஸ் முழுக்க மருந்து வாடை. இரண்டு பெண்கள் அவருடைய சேலையை உதறித் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. நானுஓயாவில் இறங்கிய கூட்டாளியிடம் கொடுத்திருப்பாள் என்று முடிவு செய்தார்கள். கண்டக்டர் கதவைக் காட்டி, "பஹின்ன," என்றார். சிங்களத்தில் இறங்கு என்று அர்த்தம்.

கொட்டுகிற மழையில், தேயிலையைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில் அவரை இறக்கிவிட்டுவிட்டு பஸ் கிளம்பியது. பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் இன்னும் வரவில்லை. அழுதுகொண்டே நனைந்த சேலையை அவிழ்த்தேன். உள்பாவாடை நாடாவைத் தளர்த்தியதும் காலடியில் ஏதோ விழுந்தது. என் சங்கிலி. தாலியும் அதிலேயே இருந்தது. கொக்கி மட்டும் பிளந்திருந்தது. பெஞ்சில் அவசரமாக நான் ஊக்குக் குத்தியபோதே கொக்கி நெம்பிக்கொண்டு, சங்கிலி உள்ளுக்குள் நழுவிச் உள்பாவாடை நாடாவில் சிக்கி நின்றிருக்கிறது.

அதை எடுக்கக்கூடக் குனியாமல் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது.

என் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலி கிடைத்ததே பெரிது என்று சாமி படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டார். அந்த அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"நீ லயத்துல போய் மன்னிப்புக் கேட்டீன்னா நாளைக்கு நான் பெரட்டுல எப்படி நிப்பேன்? வாய மூடிக்கிட்டு இரு," என்றார்.

மறுநாள் அவர் பெரட்டுக்குப் போன பிறகு, பிளந்த கொக்கியை நூலால் கட்டிச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பாலத்தைத் தாண்டி, லயத்துப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், மாதாமாதம் நுவரெலியாவுக்கு மருந்துக்குப் போகிறவர் வீடு எது என்று கேட்டேன். கடைசிக் காம்பராவைக் காட்டினார்.

வாசலுக்குப் போகும் முன்பே அந்த இழுப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மூச்சையும் ஒரு மனிதன் இழுத்து இழுத்து வாங்கும் சத்தம். அந்த அக்கா வெளியே வந்தார். என் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"கிடைச்சிருச்சுங்களா?" என்றார். நான் தலையாட்டினேன். "நல்லவேளை. தாலியாச்சே."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையைக் கூப்பிக்கொண்டு, சங்கிலி என் சேலைக்குள்ளேயே இருந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தேடுனதும் எறக்கிவிட்டதும் போகட்டுங்க கணக்கப்பிள்ளையம்மா. அவங்கள்லாம் யாரோ. உங்களத்தான தெரியுமான்னு கேட்டாங்க. பேசிக்கிட்டிருந்தோமேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

மருந்துச் சீட்டைக் கொடுங்கள், நான் வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் உள்ளே மூச்சு மறுபடி அடைத்துக்கொள்ள, உள்ளே போய், ஈரம் காயாத சீட்டையும் ஒரு காலிப் போத்தலையும் கொண்டுவந்து கொடுத்தார்.

ரோட்டுக்கு ஓடினேன். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். அதில் இருந்ததும் அதே கண்டக்டர்தான். நகை கிடைத்துவிட்டது, அந்த அம்மா எடுக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். "அப்படியா, நல்லது," என்று டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நேற்று அந்த பஸ்ஸில் இருந்த மற்றவர்களை நான் எங்கே தேடிப் பிடித்துச் சொல்வது? அவர்களைப் பொறுத்தவரை அந்த அக்கா கடைசிவரை தாலி அறுத்த திருடிதானே.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் சீட்டைப் பார்த்துவிட்டு, இவருக்கு நீங்கள் யார் என்று கேட்டார். "அக்கா வீட்டுக்காரர்," என்றேன். சீட்டில் அந்த மனிதரின் பெயர்தான் இருந்தது. அக்காவின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிற்பகலில் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்வார், ஒரு வாய்த் தேத்தண்ணி தருவார் என்று ஆசையோடு நின்றேன். "சரிங்க. மழை வர்றதுக்குள்ள போய்ச் சேருங்க," என்று உள்ளே போய் மருந்தை ஊற்ற ஆரம்பித்தார்.

நான் லயத்துக்குப் போன செய்தி எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அந்த ஆளுக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவரே யாரிடமோ விசாரித்து வந்து, எழுந்து நடமாடுகிறாராம் என்று சொன்னார்.

பிறகு அந்த அக்காவை ரோட்டில் மூன்று நாலு தடவை பார்த்திருக்கிறேன். கூடையோடு போகும்போது ஒதுங்கி எனக்கு வழி விடுவார். நான் சிரித்தால் அவரும் மரியாதைக்குச் சிரிப்பார். அதோடு சரி. அடுத்த வருஷம் எங்களுக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிவிட்டது. அதுவரைக்கும் அந்த ஒற்றை வீட்டில் அடுப்போடு பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

பயணம் போகிற பிள்ளைகளுக்கு நகை பத்திரம், பர்ஸ் பத்திரம் என்று நானும் சொல்லித்தான் அனுப்புகிறேன். திருடர்கள் இல்லாத ஊர் இல்லை. ஆனால் ஊரே ஒருத்தியைச் சந்தேகிக்கும்போது, எனக்கு இவரைத் தெரியும் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும், அவளால் மழையிலும் தலைநிமிர்ந்து நடந்துவிட முடியும். அந்த ஓர் ஆளாக அன்றைக்கு நான் இல்லாமல் போனதை நினைக்கும்போதெல்லாம், வீடு நிறையப் பேரப்பிள்ளைகள் இருக்கையிலும் நான் தனியாகிவிடுகிறேன்.