மாதா கோயில் ஒலிபெருக்கியில் என் தோடி

இசைக் கல்லூரியில் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில் நான் வாயைத் திறந்து டிக்கெட் கேட்டால் போதும், பக்கத்து இருக்கையில் இருப்பவர் திரும்பிப் பார்த்து, "ரப்பர் விலை சொல்லுத அக்கா தானே?" என்பார். வானொலி நிலையத்தில் எனக்கு அறிவிப்பாளர் வேலை. ரப்பர் விலை, வாழைத்தார் விலை, காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பு எல்லாம் என் குரலில்தான் போகும். கர்நாடக இசையும் போகும். பாடுவது வேறு யாராவது. அவர் பெயரையும் வயலின், மிருதங்கக்காரர்கள் பெயரையும் பவ்வியமாகச் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சிலர் சுருதி விலகிப் பாடும்போது பல்லைக் கடித்துக் கடித்தே என் கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டது.

வானொலியில் பாட வேண்டுமானால் குரல் தேர்வில் தேற வேண்டும். நிலையத்திலேயே வேலை பார்ப்பவள் என்று எனக்கு எந்தச் சலுகையும் இல்லை. இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை தேறி, அரைமணி நேரக் கச்சேரி ஒன்றைப் பதிவு செய்தார்கள். அதன் உயிர் தோடி ராகத்தில் ஒரு நிரவல். ஒரே வரியை எடுத்துக்கொண்டு, தாளம் பிசகாமல், ஒவ்வொரு முறையும் வேறு விதமாக விரித்துப் பாடுவதுதான் நிரவல். வீட்டில் நான் அதைச் சாதகம் செய்தபோது, "ஒரே வரிய எதுக்கு இத்தன மட்டம் பாடுத? மிச்சம் மறந்து போச்சா?" என்று கேட்ட என் கணவரை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அந்த நிரவலை ஊர் கேட்க வேண்டும். ரப்பர் விலை அக்காவுக்குப் பாடவும் தெரியும் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

கணவரின் ஊர் இனயம், குடும்பம் கடல் தொழில் குடும்பம். என் மாமியாருக்குத் தோடிக்கும் தாலாட்டுக்கும் வித்தியாசம் கிடையாது. ஆனால் மருமகள் ரேடியோவில் பாடுகிறாள் என்றதும் நேரே மாதா கோயிலுக்குப் போய், பங்குச் சாமியாரிடம் பேசி, கச்சேரியைக் கோயில் ஒலிபெருக்கியில் போட ஏற்பாடு செய்துவிட்டார். அந்த ஒலிபெருக்கி போட்டால் கரை முழுக்கக் கேட்கும். விருப்பப்பட்டவர்கள் கேட்கட்டும் என்று நான் இருந்தேன். மாமி, விருப்பமில்லாதவர்களையும் விடுவதாக இல்லை.

"மாமி, ஆளுவ ஏசுவாவ" என்றேன் போனில்.

"ஏசட்டும். நீ நல்லா பாடு மக்கா."

"பாடி முடிச்சாச்சு மாமி. பதிவு பண்ணித்தான் போடுவாவ."

"சரி, அப்பவும் நல்லா பாடு."

ஒலிபரப்பு நாளன்று மாலை, சக அறிவிப்பாளர் களியக்காவிளையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட, பணி என் தலையில் விழுந்தது. அதாவது என்னை நானே அறிவிக்க வேண்டும். கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். என் பெயரை அடக்கமாகச் சொன்னால் பாடவே தெரியாதவள்போல் இருந்தது. கம்பீரமாகச் சொன்னால் தேர்தலில் நிற்பதுபோல் இருந்தது. கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு குரலில் சொல்லிவிட்டுக் கச்சேரியை ஓடவிட்டேன். வர்ணம் போயிற்று. ஒரு சின்னக் கீர்த்தனை போயிற்று. தோடி தொடங்கியது. இனயத்துக் கடற்கரையில் அது முழங்குவதை நினைத்து எனக்குக் கை கால் ஓடவில்லை.

நிரவலின் முதல் சுற்று முடியும் நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு பணி அதிகாரி வந்தார். கையில் ஒரு தாள். கள்ளக்கடல் எச்சரிக்கை, உடனே வாசிக்க வேண்டும் என்றார். காற்றும் இருக்காது, மழையும் இருக்காது; எங்கோ தூரத்துப் புயலில் கிளம்பிய அலை, தெளிந்த வானத்தின் கீழே திடீரென்று கரையேறும். அதுதான் கள்ளக்கடல். மணலில் கிடக்கும் வள்ளத்தையும் வலையையும் வாரிக்கொண்டு போகும், விளையாடுகிற பிள்ளைகளையும் விடாது.

"சார், ரெண்டே நிமிசம். நிரவல் முடியட்டும்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது.

"நான் நிப்பேன் மேடம். கடல் நிக்குமா?" என்றார் அவர்.

இனயத்துக் கரையில் அந்நேரம் யார் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேரின் பாட்டைப் பாதியில் ஒலி குறைத்து இறக்கிய விரல்தான். அன்று என் பாட்டை இறக்க மரத்துப்போய் நின்றது. இருந்தாலும் தாளத்தில் வரி தொடங்கும் இடமான எடுப்பில் அது வந்து விழும் வரை, சில நொடிகள், காத்திருந்தே இறக்கினேன். அந்த அளவு சுயநலம் எனக்கு உண்டு.

எச்சரிக்கையை வாசித்தேன். 'கரையோர மக்கள் விழிப்புடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்றிருந்தது. இதைக் கேட்டு இனயத்தில் ஒரு நாய்கூட எழுந்திருக்காது என்று தோன்றியது. தாளில் இல்லாததைச் சேர்த்துவிட்டேன்: "மக்கா, வள்ளத்த எல்லாம் மேல ஏத்துங்க. பிள்ளையள கரையில விடாதீங்க."

அன்று பொழுது சாய்வதற்குள் கடல் ரோடுவரை வந்துவிட்டுப் போனது. சில வலைகள் போயின. ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இனயம் போனேன். மாமியின் தம்பி ஒரு பெரிய நெய்மீனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "பாட்டு எனக்கு மனசிலாவல மக்கா. நீ நிறுத்தினது நல்லா மனசிலாச்சு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சு நிறையச் சந்தோஷம்தான். ஆனாலும் அருமையான ஒரு நிரவல் பாதியில் போயிற்றே என்று வருத்தப்பட அந்த ஊரில் ஒரு ஆள் இல்லை என்கிற கோபமும் கூடவே இருந்தது.

நிலைய இயக்குநர் கூப்பிட்டு, தாளில் இல்லாததை ஏன் பேசினாய் என்று ஒரு முறை கேட்டார். அதே மூச்சில், கச்சேரியை அடுத்த மாதம் முழுதாக மறுபடி போடுவோம் என்றார். மாமி மறுபடி மாதா கோயிலுக்குப் போனார்.

மறு ஒலிபரப்பு நாளில் எனக்குப் பணி இல்லை. வீட்டில் உட்கார்ந்து, யாரும் கதவைத் தள்ளாமல், நிரவலைக் கடைசிவரை கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அது முடிந்ததும், மிச்சக் கச்சேரி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாமிக்குப் போன் போட்டேன்.

"நீ அந்த ஒரே வரியத் திரும்பத் திரும்பப் பாடத் தொடங்கினதும் கரையில இருந்தவனெல்லாம் எந்திரிச்சிட்டான் மக்கா" என்றார் மாமி.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. "நின்னு கேட்டாவளா மாமி?"

"எங்க கேட்டானுவ? வள்ளத்த எல்லாம் இழுத்து ரோட்டுல போட்டுட்டானுவ. கடல் கொளம் மாதிரி கெடக்கு, சொன்னா எவனும் நம்பல. நீ எப்ப நிறுத்துவன்னு இன்னும் நிக்கியானுவ."